சங்கத்தில் குறை கூறும் முறை

1904-ம் வருஷத்தில் ஐக்கிய நாணய சங்கச் சட்டம் இந்தியாவில் அமலுக்கு வந்தது. அதே வருஷத்தில், அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததும், ஆவடிக்கு மேற்கே செவ்வாப்பேட்டையை அடுத்திருப்பதுமான திரூர் கிராமத்தில் ஒரு சங்கம் பதிவு செய்யப்பட்டது. சென்னை மாகாணத்துக் கிராம நாணய சங்கங்களுள் அதுவே முதலாவது.

அக்காலத்துக் கிராமச் சங்கங்கள் பெரும்பாலும் வரையறையற்ற பொறுப்பின்மீது நின்றவை. அதாவது, சங்கம் பட்ட கடனைச் சங்கத்தின் ஆஸ்தியினின்று தீர்க்க இயலாமற் போயின், அங்கத்தினர் ஒவ்வொருவருடைய நிலமும் வீடும் அதற்கு ஈடாகும். நாணயமற்றவனுக்குக் கடன் கொடுக்கப்படுவதைக் கண்டும் வாய் மூடியிருந்தவன், தன் காணியையே பணயம் வைத்தவனாவான். பிற்காலத்தில் பொறுப்பானது பங்குத் தொகையளவில் வரையறுக்கப்பட்டதெனினும், மௌனத்தால் விளையும் நஷ்டம் முழுவதும் நீங்கிவிடவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பஞ்சாயத்தார் சம்பளம் பெறுபவரல்லர். பகலெல்லாம் ஏர் பிடித்து, இரவில் விளக்கடியில் அமர்ந்து கடன் மனுக்களைப் பரிசீலித்தவர்களாலேயே கிராமச் சங்கங்கள் வளர்ந்தன. அத்தகையவரைச் சபை நடுவே ஒருவர் அவமதித்துப் பேசினால், மறுநாளே ராஜீநாமா வந்து சேரும். அவ்விடத்துக்கு வர வேறொருவர் துணியார். இதற்கு அஞ்சியோ என்னவோ, பத்து நாள் திண்ணையிலும் குளக்கரையிலும் பேசப்பட்ட குறை, வருஷாந்தர மகாசபையில் ஒருவர் வாயினின்றும் வெளிவருவதில்லை. சபை கலைந்ததும் திண்ணைப் பேச்சு மீண்டும் தொடங்கிவிடும்!

ஓர் உதாரணம் காண்போம். பூந்தமல்லிப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் நவரைப் பயிருக்குரிய கடன், நடவு முடிந்த பின்னரே குடியானவர் கைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். மகாசபையில் ஓர் அங்கத்தினர் எழுந்து, “தலைவருக்கு வேண்டியவர்களுக்குத்தான் காலத்தில் பணம் கிடைக்கிறது” என்கிறார். தலைவர் சினங் கொள்கிறார். அவருடைய உறவினர் எழுந்து நிற்கின்றனர். பழைய வரப்புத் தகராறு ஒன்று இடையே புகுகிறது. கடன் ஏன் தாமதித்தது என்பதை மட்டும் எவரும் விசாரிப்பதில்லை.

மற்றோர் அங்கத்தினர் அதே குறையைப் பின்வருமாறு கூறுகிறார்: “தலைவர் ஐயா, என் மனு கார்த்திகை 25-ந் தேதி கொடுக்கப்பட்டது. பஞ்சாயத்தார் கூடியது தை 10-ந் தேதி என்று நடவடிக்கைப் புத்தகத்தில் காண்கிறது. நடவுக்குப் பணமில்லாமல் வெளியில் அதிக வட்டிக்கு வாங்க நேரிட்டது. வருகிற வருஷம் மார்கழி பிறக்குமுன் ஒரு கூட்டம் கூட்டலாகாதா? எங்கள் தெருவிலுள்ளவர்களின் மனுக்களைத் திரட்டிக் கொண்டுவந்து கொடுக்க நான் சம்மதிக்கிறேன்.”

இவர் குறையைச் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. தேதியையும் நஷ்டத்தையும் சொன்னார். ஆளின் எண்ணத்தை ஆராயப் புகவில்லை. தம் பங்குக்கு ஒரு வேலையையும் ஏற்றுக்கொண்டார். இதற்குத் தலைவர் பதில் கூறியே தீரவேண்டும். ஒருவேளை, மார்கழியில் கூட்டிய கூட்டத்துக்குப் போதிய பஞ்சாயத்தார் வராமையால் அது நடவாமற் போயிற்று என்பதே பதிலாக இருக்கலாம். அப்பொழுது முதலாமவர் தலைகுனிய வேண்டியவராவார். இரண்டாமவர்க்கோ திருப்பிக்கொள்ள வேண்டிய சொல் ஒன்றுமில்லை.

கணக்கு எழுதுவதில் சிறு பிழை, ரசீது தருவதில் தாமதம் ஆகியவற்றைக் காரியதரிசியிடம் தனியே சொல்வதே போதும். சபையில் தாம் சொல்லப்போகும் பெரிய குறையையும் தலைவருக்கு முன்னதாகத் தெரிவித்துவிடுவது நலம். புத்தகங்களைப் பார்த்து வைக்க அவருக்கும் அவகாசம் கிடைக்கும். ஆனால் சங்கப் பணம் கையாடப்பட்டதென்று நியாயமான சந்தேகம் இருக்குமாயின், அதைத் தனிப் பேச்சில் அமுக்குவது மரியாதையாகாது. 1912-ம் வருஷத்துச் சட்டமே, அங்கத்தினரில் மூன்றிலொரு பங்குக்குக் குறையாதோர் மனுச் செய்துகொண்டால் ரிஜிஸ்டிரார் விசாரணை நடத்தவேண்டும் என்று விதித்தது. வருஷத்துக்கு ஒரு முறையேனும் கணக்குத் தணிக்கை நடக்கவேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதியே.

இது நமக்குப் புதிதன்று. பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள், குடவோலையால் வாரியத்தாரைத் தெரிந்தெடுக்கும் முறையை விவரிக்கின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிந்தெடுக்கப்படலாகாது. அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். உறவினரையும் விலக்கியது கடுமையாகவே தோன்றும். எனினும் அவ்விதி எவர் பெயரையும் குறித்து எழுந்ததன்று. யாவர்க்கும் பொதுவாகக் கல்லில் நின்றது. ஆகவே, கணக்குக் கேட்பதைப் பகையென்று கொள்ள இடமில்லாதிருந்தது.

குறை கேட்கும் இடத்திலிருப்போர்க்கும் ஒரு கடமையுண்டு. உடனே பதில் தெரியாவிடில் தெரியாதென்று ஒப்புக்கொண்டு, கேள்வியை நடவடிக்கைப் புத்தகத்தில் கேட்டவர் சொற்படியே எழுதச் செய்து, பதில் கூறும் தேதியையும் அதன்கீழ்க் குறிக்கவேண்டும். அடுத்த கூட்டத்தில் முதற்காரியமாக அப்பக்கத்தைக் காரியதரிசி வாசிக்கட்டும். கேட்டவர் அன்று வரவில்லையாயினும் பதில் சபைக்குச் சொல்லப்பட வேண்டும்.