மதுரை அரியணை வழக்கு

மதுரையில் தமுக்கம் திடலை அடுத்து இராணி மங்கம்மாள் வாழ்ந்த அரண்மனை உள்ளது. 1959 ஆம் ஆண்டு முதல் அது காந்தி நினைவு அருங்காட்சியகமாக விளங்கி வருகின்றது. அவ்வம்மையாரின் மகன் அரங்ககிருஷ்ண முத்துவீரப்பர் 1689 இல் அம்மை நோயால் இளமையிலேயே மாண்டார். அப்போது அவர் மனைவி கருவுற்றிருந்தாள். பிறந்தது ஆண்மகவு, நாயக்கர் குடி பிழைத்தது. பேரனுக்காகப் பாட்டியார் 1706 வரை நாட்டைக் காத்தார். அப்பேரனே விசயரங்க சொக்கநாதர்.

திருவரங்கக் கோயிலுக்குப் பொன்னும் மணியும் வாரி வழங்கிய இம்மன்னர், 1732 இல் மகப்பேறின்றி இறந்தார். மதுரை நாடு என்று பெயர் இருந்ததாயினும், கோநகர் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளியே. அங்கே அவர்தம் தேவி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பை ஏற்றாள். ஆளும் குடியின் கிளைவழியில் வந்த பங்காரு திருமலை என்பாரின் மகன் விசயகுமாரனைத் தத்தெடுத்து, அச்சிறுவன் பெயரால் ஆளலானாள்.

சிக்கல் எழுந்தது சிறுவனின் தந்தையிடமிருந்து. மகனைத் தத்தாகத் தந்தவரே, அரியணை தமக்குரியது என்று எதிர்த்து நின்றார்! நகைப்பிற்கு இடமாகத் தோன்றினும் அவர் பக்கம் நியாயமே இல்லை என்று தள்ளிவிட இயலாது. மகனுக்கு அரியணை எய்தத் தகுதி தந்த குருதி, தந்தை வழியாக வந்ததன்றோ? வளர்ந்த ஆண்மகன் இருக்க, நாட்டைச் சிறுவன் பெயரால் ஆள்வது எதற்கு? அரசியின் பக்கமோ தத்துமுறையும் மங்கம்மாள் காட்டிய முன்வழக்கும் நின்றன. பங்காரு திருமலை அரசரானால் அவளுக்கு அரண்மனையில் ஒரு மூலையே எஞ்சும் என்பதையும் நாம் மறத்தலாகாது.

தளவாய் வேங்கடாசாரியார் பங்காருவின் பக்கம் சேர்ந்தார். இருவரும் திருச்சிக் கோட்டையைக் கைப்பற்ற முயன்று தோற்றனர். 1734 இல் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியின் படை தெற்கே வந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்கள் நவாபின் மகன் சப்தர் அலியும் மருமகன் சந்தா சாகிபும் ஆவர். சப்தர் அலி வழக்கைக் கேட்டுப் பங்காருவுக்கே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். அரசி அதற்கு இணங்கவில்லை. சப்தர் அலி திரும்பிச் சென்றபின், ஒரு கோடி ரூபாய் தருவதாகச் சொல்லி அவள் சந்தா சாகிபைத் தன் பக்கம் திருப்பினாள். அவரும் காப்பதாகத் திருமறையின் மீது சூளுரைத்தார் என்பர். அது மறைநூலன்று, பளபளக்கும் துணியில் பொதிந்த செங்கல் என்றொரு கதையும் உண்டு. தோற்றவர் நாட்டில் இத்தகைய கதைகள் எளிதில் முளைக்குமாதலின், அதனை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆணையிட்டது எதன் மீதாயினும், அது காக்கப்படவில்லை என்பது மட்டும் உறுதி.

1736 இல் சந்தா சாகிபு மீண்டும் வந்து கோட்டைக்குள் புகுந்தார். அப்போது மதுரைப் பகுதி பங்காருவின் கையில் இருந்தது. அவர்மீது படை ஏவப்பட்டது. மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் புகைவண்டியில் செல்வோர் இடையே கொடைக்கானல் ரோடு என்னும் நிலையத்தைக் காண்பர். அந்நிலையம் அமைந்துள்ள ஊரே அம்மையநாயக்கனூர். அவ்வெளியில் நிகழ்ந்த போரில் பங்காரு தோற்றுச் சிவகங்கைக்கு ஓடினார். எதிரி ஒழிந்தான் என்று அரசி மகிழ்ந்திருப்பாளோ? மகிழ்ந்திருந்தால் அது சில நாளே. எவருக்காகப் படை சென்றதோ அவளையே சந்தா சாகிபு சிறைப்படுத்தினார். மீனாட்சி நஞ்சுண்டு மாண்டாள்.

1529 இல் விசுவநாத நாயக்கர் தொடங்கிய ஆட்சி அத்துடன் முடிந்தது. சந்தா சாகிபும் நிலைத்திருக்கவில்லை. 1741 இல் மராட்டியர் திருச்சியை முற்றுகையிட்டு வென்று, அவரைச் சிறைப்பிடித்துச் சதாராவுக்குக் கொண்டு சென்றனர்.

தந்தையும் அரசியும் யாரை முன்னிட்டு வழக்காடினரோ, அந்த விசயகுமாரன் சிவகங்கைச் சீமையில் அடைக்கலம் புகுந்தான். வெள்ளிக்குறிச்சி என்னும் சிற்றூரில் அவன் வழியினர் நெடுங்காலம் வாழ்ந்து வந்தனர்.