மருமகள் பெயர் சரியாக இருக்கட்டும்

சித்தேரி,
தருமபுரி மாவட்டம்.

அன்புள்ள தம்பிக்கு,

பெரியப்பா எழுதுவது. நீ ராணுவத்திலிருந்து பென்ஷனில் வரும் நாள் நெருங்கிவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். உனக்குப் பின் மருமகளுக்குக் கிடைக்கும் பென்ஷன் பற்றிப் போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை, மலையில் சிக்னல் அப்படி. அதனால்தான் இந்தக் கடிதம்.

யுத் அபியாஸ் கூட்டுப் பயிற்சியில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் சொன்னதைக் கேட்டுக் குழம்பியிருக்கிறாய். அவர் சொன்னது அவர் நாட்டுக்குச் சரிதான். அங்கே ஓய்வு பெறுகிறவர் தனக்குப் பின் மனைவிக்குப் பென்ஷன் வேண்டுமென்றால், மாதாமாதம் தன் பென்ஷனில் ஒரு பங்கைப் பிரீமியமாக விட்டுக்கொடுக்க வேண்டும். 1972-இல் வந்த திட்டம். முழுப் பென்ஷனுக்கும் சேர்ந்தால் நூற்றுக்கு ஆறரை பிடிப்பார்கள். அவர் காலமான பின் மனைவிக்கு நூற்றுக்கு ஐம்பத்தைந்து கிடைக்கும். சேராவிட்டால் அவர் மூச்சோடு பென்ஷனும் நின்றுவிடும்.

நமக்கு அப்படிப் பிடித்தம் கிடையாது. 1964-இல் குடும்ப பென்ஷன் திட்டம் வந்தபோது மத்திய அரசு ஊழியர்கள் கிராஜுவிட்டியில் இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1977-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். 2004 முதல் மற்ற மத்திய அரசு வேலைகளுக்கு வந்த புதிய பென்ஷன் திட்டமும் படைக்குப் பொருந்தாது. ஆகவே மருமகளுக்கு வரவேண்டிய பென்ஷனுக்காக நீ ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

ஆனால் கணக்கைத் தெரிந்துகொள். உன் கடைசிச் சம்பளம், அடிப்படையும் மிலிட்டரி சர்வீஸ் பேயும் சேர்த்து, ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். உனக்குப் பென்ஷன் இருபத்தைந்தாயிரம். வீட்டுக்கு வந்த பிறகு உனக்கு ஏதாவது ஆனால், மருமகளுக்கு முதல் ஏழு ஆண்டுகள் அதே இருபத்தைந்தாயிரம் வரும். உனக்கு 67 வயது ஆகியிருக்க வேண்டிய நாள் முன்னால் வந்தால் அதுவரைதான். பிறகு நூற்றுக்கு முப்பது, அதாவது பதினைந்தாயிரம். மேலே அகவிலைப்படி உண்டு. ஆனாலும் எட்டாம் ஆண்டு முதல் மாதம் பத்தாயிரம் குறைவது சின்ன விஷயமில்லை. பையன் கல்லூரியில் படிக்கும் காலமும் அதுவாக இருந்தால் அவள் யாரிடம் போய் நிற்பாள்? எனக்குத் தெரிந்து ஓய்வு பெறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த எட்டாம் ஆண்டைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அந்த இடத்தை நிரப்பத்தான் காப்பீடு வேண்டும். 1976 முதல் இருக்கும் ராணுவக் குழுக் காப்பீட்டு நிதிக்கு உன் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்களே, அதில் ஒரு பகுதி சேமிப்பாக இருந்து வெளியே வரும்போது கைக்கு வரும். அதிலிருந்தே ஒருமுறை பிரீமியம் பிடித்துக்கொண்டு ஓய்வுக்குப் பிறகும் காப்பீட்டைத் தொடர்வார்கள். எவ்வளவு தொகைக்கு, எந்த வயது வரைக்கும் என்று யூனிட்டிலேயே கேட்டுக் குறித்துக்கொள். உனக்குப் பின் இந்தக் காப்பீட்டுப் பணம் குடும்ப பென்ஷனோடு தானாக வந்து சேராது, தனியாக மனுப் போட வேண்டும். அப்படி ஒன்று இருப்பதே மருமகளுக்குத் தெரியாமல் போகக்கூடாது.

கம்யூட்டேஷன் பற்றியும் பயந்திருக்கிறாய். பாதிப் பென்ஷன்வரை விற்கலாம், பதினைந்து ஆண்டு கழித்துத் திரும்ப வரும். நீ எவ்வளவு விற்றாலும் குடும்ப பென்ஷன் ஒரு பைசா குறையாது. அந்தப் பணம் வங்கியில் விழுந்த வாரமே பாலிசி விற்கிறவர்கள் வீடு தேடி வருவார்கள். டெர்ம் பாலிசி தவிர வேறெதற்கும் கையெழுத்துப் போடாதே.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் ஊர்ப் பெண்கள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், யூனிட்டில் உன் கல்யாணத்தைப் பதிந்த பார்ட் டூ ஆர்டரில் இன்னொன்று. கிளார்க் இந்திக்காரராக இருந்தால் ஆங்கிலத்தில் எழுதும்போது நம் 'ழ'வும் 'ற'வும் என்னவாகும் என்று உனக்கே தெரியும். பிறந்த தேதி தெரியாமல் ஜனவரி ஒன்று என்று போட்டிருப்பார்கள். நீ இருக்கும்வரை இதெல்லாம் கண்ணில் படாது. பாதுகாப்புத் துறையின் பென்ஷன் தளமான ஸ்பார்ஷில் கணினி ஆதாரையும் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வையும் ஒப்பிடும் அன்றைக்குத்தான் ஒரு எழுத்து வித்தியாசத்துக்காக மனு நிற்கும். அன்றைக்கு நீ இருக்கமாட்டாய். அவள் ஒருத்தியாக அரூருக்கும் தருமபுரிக்கும் பஸ் ஏறி இறங்குவாள்.

யூனிட்டில் இருக்கும்போதே திருத்திவிடு. இப்போது ஒரு விண்ணப்பத்தில் முடியும் வேலை அது. பி.பி.ஓ.வில் மனைவி பெயர், பிறந்த தேதி, பிள்ளைகள் பெயர் எல்லாவற்றையும் ஆதாரை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார். பென்ஷன் கணக்கை இருவர் பெயரிலும், உயிரோடு இருப்பவர் எடுக்கும்படி வை. சின்னவனுக்குக் காது கேட்காததை மருத்துவச் சான்றோடு இப்போதே பதிவு செய்துவிடு. மற்ற ஆண் பிள்ளைகளுக்குக் குடும்ப பென்ஷன் இருபத்தைந்து வயதுவரைதான் கிடைக்கும். சம்பாதிக்க முடியாத குறை உள்ள பிள்ளைக்கு ஆயுள் முழுக்க உண்டு.

அமெரிக்கக்காரர்கள் முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. கணவன் முழுத் தொகைக்குக் குறைவாகச் சேர நினைத்தால் மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவளுக்குத் தெரியாமல் முடிவெடுக்க முடியாது. நம் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. நீ செய். பி.பி.ஓ. நம்பர் எங்கே இருக்கிறது, நவம்பரில் உயிர்ச்சான்று எப்படிக் கொடுப்பது, இறப்பை இருபத்தோரு நாளுக்குள் வி.ஏ.ஓ.விடம் பதிய வேண்டும் என்பது எல்லாம் அவளுக்குத் தெரியட்டும். சாவைப் பற்றிப் பேசினால் அபசகுனம் என்று உன் அம்மா சொல்வாள். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பென்ஷனில் வந்ததும் மருமகளையும் கூட்டிக்கொண்டு தருமபுரி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருநாள் போவோம், நானும் வருகிறேன். அவளுடைய ஆதார், உன் டிஸ்சார்ஜ் புக் நகல், கூட்டாக எடுத்த போட்டோ மூன்றையும் எடுத்து வை.

அன்புடன்,
பெரியப்பா