மங்கலான படம் சொல்லாத செய்தி

தொலைக்காட்சித் துப்பறியும் நாடகங்களில், கண்காணிப்புக் கேமராவில் பதிவான மங்கலான முகத்தைக் காவல் அதிகாரி கணினியில் பெரிதாக்குவார். மறுகணமே அம்முகம் தெளிவாகிவிடும். உண்மையில் அவ்வாறு செய்ய இயலுமா?

மின்னிலக்கப் படம் என்பது வண்ணப் புள்ளிகளின் தொகுப்பு. தொலைவில் நிற்பவரின் முகம் சில புள்ளிகளில் மட்டுமே பதிவாகியிருந்தால், கண்ணின் வடிவமோ கன்னத்துத் தழும்போ அதில் இராது. படத்தைப் பெரிதாக்கினால் புள்ளிகள்தாம் பெரிதாகும். இருண்ட பகுதிக்கு ஒளியூட்டலாம். அடுத்தடுத்துப் பதிவான பல படங்களை இணைத்துத் தெளிவைச் சற்றுக் கூட்டலாம். ஆனால், பதிவாகாத ஒன்றை மீட்க முடியாது.

செயற்கை நுண்ணறிவு இக்குறையைப் போக்காதா? 2020ஆம் ஆண்டு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘பல்ஸ்’ என்னும் மென்பொருளை வெளியிட்டனர். அது 256 புள்ளிகள் கொண்ட படத்தை, ஒரு மில்லியனுக்கும் அதிகமான புள்ளிகள் கொண்ட முகமாக மாற்றியது. முன்னாள் அதிபர் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தை அதனிடம் கொடுத்தபோது, வெள்ளையின ஆடவர் ஒருவரின் முகம் வந்தது! மென்பொருள் முகத்தை மீட்கவில்லை. தான் கற்ற பிற முகங்களைக் கொண்டு ஊகித்தது.

நீதிமன்றத்தில் இத்தகைய ஊகம் ஆபத்தானது. 2024ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலை வழக்கு ஒன்றில் செயற்கை நுண்ணறிவால் மேம்படுத்தப்பட்ட காணொளியைச் சான்றாக ஏற்க நீதிபதி மறுத்தார்.

படத்தில் இருப்பவர் யாரெனத் தெரியாதபோது, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதே முறை. அந்த நேர்மை, குற்றமற்ற ஒருவர் சிறை செல்வதைத் தடுக்கக்கூடும்.