உருகி சொல்லும் செய்தி

சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் உருகியைப் பற்றி நாம் எல்லோரும் படிக்கிறோம். அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும்போது உருகி அறுந்து சுற்றைத் துண்டித்துவிடும் என்று எழுதிப் புள்ளியும் பெறுகிறோம். அந்த ஒரு வரி விடை நம் வீட்டு வாகனத்தில் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முனைகிறேன்.

உருகியின் வேலை

கராஜில் ‘பியூஸ்’ என்று சொல்லப்படும் இது, இரண்டு கால்களுடைய சிறிய பிளாஸ்டிக் வில்லை. அதனுள்ளே மெல்லிய உலோகத் துண்டொன்று இரு கால்களையும் இணைக்கிறது. எளிதில் உருகும் துண்டாகையால், வயரின் உறை சூடேறி இளகுவதற்கு முன்பே அது அறுந்துவிடும். எத்தனை அம்பியர் தாங்கும் என்பதை அதன் மேலுள்ள இலக்கமும் நிறமும் காட்டும்: 10 அம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை.

பல கோளாறு, ஒரே காரணம்

எங்கள் வாப்பா கெப் வண்டியில் தேயிலைக் கொழுந்து ஏற்றித் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்பவர். மழைக்காலத்தில் ஒருநாள் வண்டியின் பின்விளக்குகள், இலக்கத் தகட்டு விளக்கு, டேஷ்போர்ட் வெளிச்சம் ஆகிய மூன்றும் ஒன்றாக அணைந்து போயின. முன்விளக்கும் ஹோர்னும் நன்றாக வேலை செய்தன. வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார் ஒரு கராஜ்காரர்.

பெல்மதுளையில்தான் பலாங்கொடை வீதியும் எம்பிலிப்பிட்டிய வீதியும் பிரிகின்றன. மழையிலும் மூடுபனியிலும் பின்விளக்கில்லாத வண்டி பின்னால் வரும் லொறிச் சாரதியின் கண்ணுக்குப் படாது. ஆகவே திருத்தம் முடியும் வரை வாப்பா இரவு ஓட்டத்தை நிறுத்தினார். அந்த நாட்களின் வருமானமும் நின்றது.

இத்தகைய வேளையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எவை வேலை செய்கின்றன, எவை செய்யவில்லை என்பதே. மூன்று இடத்து மின்குமிழ்கள் ஒரே நேரத்தில் எரிந்து போவது அரிது. அவை மூன்றுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். பல வண்டிகளில் இவ்விளக்குகளுக்கு ஓர் உருகியே பொது. உருகிப் பெட்டிகளில் ஒன்று ஸ்டியரிங்கின் கீழேயும் மற்றது எஞ்சின் அறையிலும் இருப்பது வழக்கம். எந்த உருகி எதற்குரியது என்பது பெட்டி மூடியில் அச்சிடப்பட்டிருக்கும். ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த வாகனங்களில் அது ஜப்பானிய எழுத்தில் இருக்கும். நான் கைப்பேசியின் உதவியுடன் அதை வாசித்து, தமிழில் ஓர் அட்டவணை எழுதினேன். சாவியை அணைத்துவிட்டு உரிய உருகியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளிருந்த துண்டு அறுந்திருப்பது தெரிந்தது.

மாற்றினால் போதுமா?

அதே 10 அம்பியரில் புதியதைப் போட்டு விளக்கு ஆளியை அழுத்தியவுடன் அதுவும் அறுந்தது. “பச்சை நிறத்தைப் போடுங்கள், இல்லாவிட்டால் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடுங்கள்” என்றார் அருகில் நின்ற ஒருவர். இங்குதான் பாடம் கைகொடுத்தது.

வலுவை வோல்ற்றளவால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். அந்தச் சுற்றிலுள்ள விளக்குகள் எல்லாம் சேர்ந்து 36 வாற்று என்று கொள்வோம். 12 வோல்ற்றில் அது 3 அம்பியர்தான். ஆகவே 10 அம்பியர் உருகி அறுந்தது அதன் பலவீனத்தால் அன்று. எங்கோ வயர் உரசி வண்டியின் இரும்பைத் தொடுகிறது. இதுவே குறுஞ்சுற்று. அவ்வழியில் தடை 0.1 ஓம் மட்டுமே என்றால் பாய்வது 120 அம்பியர்.

வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 10 அம்பியருக்கு அமைந்த வயரில் 30 அம்பியர் பாய விட்டால் வெப்பம் மூன்று மடங்கு அன்று, ஒன்பது மடங்கு. உருகி அறுவதற்குப் பதிலாக வயரின் உறை எரியும். வெள்ளித் தாளுக்கோ எல்லையே இல்லை. இதை ஒரு தாளில் கணக்கிட்டு வாப்பாவிடம் காட்டினேன். அவர் வெள்ளித் தாளைக் கைவிட்டார்.

கோளாறைக் கண்டுபிடித்தல்

உருகியை மேலும் வீணாக்காமல் தேட ஒரு வழி உண்டு. உருகி இருந்த இடத்தில் 21 வாற்று மின்குமிழ் ஒன்றை இணைத்து, அச்சுற்றிலுள்ள மற்ற மின்குமிழ்களைக் கழற்றிவிட வேண்டும். பிறகு விளக்கு ஆளியைப் போட்டதும் சோதனைக் குமிழ் பிரகாசமாக எரிந்தால் குறுஞ்சுற்று இன்னும் இருக்கிறது. குமிழின் தடை காரணமாக 2 அம்பியருக்குக் குறைவாகவே பாய்வதால் வயருக்கு ஆபத்தில்லை.

நான் குமிழைப் பார்த்துக்கொண்டிருக்க, நானா முன்னிருந்து பின்னாக வயர்க் கட்டை மெல்ல அசைத்துக்கொண்டு போனார். பின்சில்லுக்கு மேலே அசைத்தபோது குமிழ் அணைந்து மீண்டும் எரிந்தது. அங்கே பிடிப்புக் கழன்ற வயர், சட்டத்தின் விளிம்பில் உரசித் தோலுரிந்து, சேறும் ஈரமும் பட்டுச் செம்பு பச்சை பூத்திருந்தது. பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு, கெட்ட துண்டை வெட்டி, நல்ல வயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறையிட்டு, விளிம்பில் படாதவாறு கட்டினார்கள். வயரிங் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கவனிக்க வேண்டியவை

உருகியை அதே அம்பியரால் மட்டுமே மாற்ற வேண்டும். மறுபடியும் அறுந்தால் மூன்றாவதைப் போடாமல் காரணத்தைத் தேட வேண்டும். பற்றரிக்கு அருகிலுள்ள பெரிய உருகிகளையும், காற்றுப் பைக்குரிய மஞ்சள் நிற இணைப்புகளையும் தொடாது, பயிற்சி பெற்றவரிடம் விட வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வண்டியின் மூடியைத் திறக்கும்போது மகளையும் அழைத்து அருகில் நிறுத்துங்கள். டோர்ச் பிடிக்க மட்டுமன்றி, அம்பியரைக் கணக்கிடவும் அவளுக்குத் தெரியும். தோழியரே, நீங்கள் ஒரு கடதாசியில் உங்கள் வண்டியின் உருகி அட்டவணையைத் தமிழில் எழுதி, சிவப்பிலும் நீலத்திலும் இரண்டிரண்டு உருகிகளோடு சேர்த்து வண்டியில் வைத்துவிடுங்கள்.