காமிரா எடுத்த பிள்ளைகளுக்கு

1. மேகத்தில் கை வைக்கலாம், கல்வெட்டில் கூடாது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் நம் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் பிடித்தார். அவர் காலத்துக் காகித நெகட்டிவில் வானம் சரியாகப் பதியாது, பிரிண்டில் வெளிறிப்போகும். அதனால் பல நெகட்டிவ்களில் வண்ணம் பூசி மேகம் உண்டாக்கினார். அவரேதான் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். பொய் மேகத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கல்வெட்டில் மங்கிய ஓர் எழுத்தை ஊகித்துத் தீட்டியிருந்தால், கோயிலுக்குக் கொடுத்தவர் பெயரோ கொடுத்த கணக்கோ மாறிப்போயிருக்கும்.

2. வயலுக்குப் போனால் முதலில் நின்று பார். அறுவடை நேரத்து மழையில் சம்பா சாய்ந்து கிடக்கும். வரப்பில் குத்துக்காலிட்டு, அகல லென்ஸைத் தண்ணீரோடு ஒட்டிவைத்து எடுத்தால் ஒரு மா நிலம்கூட ஏரியாகத் தெரியும். அப்படி எடுக்காதே. நிமிர்ந்து நின்று, பக்கத்து வயல் தப்பியிருந்தால் அதுவும் தெரிய எடு. பிறகு சேற்றில் இறங்கு. ஒரு கதிரை உள்ளங்கையில் ஏந்திக் கிட்டே போ. மணிகளில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருக்கும். அந்த ஒரு படம் போதும். ஒருவர் வயலை நீ ஊதிக் காட்டினால், அடுத்த பத்துப் பேர் நிஜமாகவே அழிந்து நிற்கும்போது சேதம் பார்க்க வரும் அதிகாரி நம்பமாட்டார். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது.

3. முகத்தில் பருவை எடு, மச்சத்தை விடு. பரு ஒரு வாரத்தில் போய்விடும்.

4. மூலப் படத்தை அழிக்காதே. பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேலே பூசியவர்கள் அடியில் இருந்ததை முழுக்கச் சுரண்டி எறியவில்லை, அதனால் கிடைத்தது. பின்னாளில் தொல்லியல் துறை மேல்படலத்தைப் பக்குவமாகப் பிரித்து, அதையும் காப்பாற்றியது. நீ கம்ப்யூட்டரில் என்ன வேலை வேண்டுமானாலும் செய், காமிராவிலிருந்து வந்த ஃபைல் தனியே இருக்கட்டும்.

5. யாரையாவது படத்திலிருந்து நீக்கச் சொன்னால், ஏன் என்று கேள். நான் ஒருமுறை கேட்கவில்லை. ஒரு கல்யாண குரூப் போட்டோவில் ஓரமாக நின்ற பண்ணையாள் வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். பிரிண்ட் போடும்போது அந்த ஓரத்தை மறைத்துக் கொடுத்துவிட்டேன். பல வருஷம் கழித்து அந்த ஆளின் மகன் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றான். “அப்பா போட்டோ ஒண்ணுகூட இல்லைங்க ஐயா. அந்தக் கல்யாணத்துல நின்னேன்னு சொல்லுவாரு.” சாயங்காலம் வரை நெகட்டிவ் பெட்டிகளைக் கிளறினோம். கிடைத்தது. இந்தத் தடவை அந்த ஓரத்தை மட்டும் பெரிதாக்கினேன். தோளில் துண்டு இல்லை. அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்.