இலவச முகாமுக்குப் போகலாமா?

குழந்தையின்மை பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்யாணமாகி நான்கு வருஷம். பக்கத்து ஊர் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை இலவசக் குழந்தையின்மை முகாம் என்று நோட்டீஸ் வந்தது. போய்த்தான் பார்ப்போமே என்கிறார் கணவர். திருக்கருகாவூர் நெய் முடியட்டும் என்கிறார் மாமியார். என்ன செய்வது? (பாபநாசம் வாசகி)

பதில்: தாராளமாகப் போகலாம். குழந்தை வேண்டி அங்கே கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வாங்கிய நெய்யை 48 நாள் சாப்பிடுவதற்கும் டாக்டரைப் பார்ப்பதற்கும் எந்த மோதலும் இல்லை. நெய் முடியும்வரை பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவ வரையறை. மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. நான்கு வருஷம் காத்திருந்ததே அதிகம்.

கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடி போன்ற ஊர்களில் இத்தகைய முகாம்களைப் பெரும்பாலும் தனியார் கருத்தரிப்பு மையங்களே நடத்துகின்றன. வாசலில் பதிவு மேசை, கையில் டோக்கன், உயரம், எடை, பிரஷர், அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலியில் நீண்ட காத்திருப்பு. பெண்களின் மடியில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகள் பிதுங்கும் பை இருக்கும். கணவர்களில் பாதிப் பேர் எதிர் டீக்கடையில் நிற்பார்கள். டாக்டரிடம் கிடைப்பது சில நிமிடம்தான். அது வீணாகாமல் இருக்க, கடைசியாக மாதவிடாய் வந்த ஆறு தேதிகள், சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர்கள், கரு கலைந்திருந்தால் அந்த விவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப்போவது நல்லது. எடுத்த ஸ்கேனையே மறுபடி எடுக்கும் செலவும் மிச்சமாகும்.

முகாமில் ஆலோசனை இலவசம். சிகிச்சைக்குப் பணம் உண்டு. கருவை உடலுக்கு வெளியே உருவாக்கும் ஐவிஎஃப் சிகிச்சைக்கு, ஒரு சுற்றுக்கு மருந்தும் சேர்த்து ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை ஆகலாம். முதல் சுற்றிலேயே பலிக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது. இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது சொன்னால், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறோம் என்று எழுந்துவிட வேண்டும். தாலிக்கொடியை அடகு வைக்கும் முடிவை மண்டபத்தில் உட்கார்ந்து எடுக்கக் கூடாது.

பேனரில் வெற்றி சதவீதம் போட்டிருந்தால் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். எந்த வயதுப் பெண்களுக்கு இந்தக் கணக்கு? கரு தங்கியதைச் சொல்கிறார்களா, குழந்தை பிறந்ததைச் சொல்கிறார்களா? பிரிட்டனின் கருத்தரிப்பு ஆணையம் 2019ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கில், கருப்பைக்குள் வைத்த ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறந்த விகிதம் 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 32 சதவீதம், 40 முதல் 42 வயதினருக்கு 11 சதவீதம். வயதைச் சொல்லாமல் சதவீதத்தை மட்டும் சொல்வது பாதி உண்மைதான்.

2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் நோயாளிகளின் பக்கம் நிற்கிறது. மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். செலவு, வெற்றி வாய்ப்பு, பக்கவிளைவு, ஒன்றுக்கு மேற்பட்ட கரு உருவாகும் ஆபத்து ஆகியவற்றைத் தம்பதிக்கு விளக்கியாக வேண்டும். குறைதீர்ப்புப் பிரிவும் இருக்க வேண்டும். பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பும் உண்டு. ஆண் குழந்தையாகவே பார்த்து வைத்துத் தருகிறோம் என்று யாராவது காதோடு சொன்னால் அது குற்றம். அந்த இடத்தை விட்டு உடனே கிளம்பிவிட வேண்டும்.

கேள்வி: என் கணவர் விவசாயி. எனக்கு மட்டும் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அவர் வர மறுக்கிறார். (திருத்துறைப்பூண்டி வாசகி)

பதில்: இந்த மறுப்பால் எத்தனையோ பெண்கள் வருஷக்கணக்கில் ஊசியும் மாத்திரையுமாக அலைகிறார்கள். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி நேர்வுகளில் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. தாம்பத்தியத்தில் குறையே இல்லாத ஆணுக்கும் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். ஆண்மை வேறு, அணு எண்ணிக்கை வேறு. இதை அவரிடம் டாக்டரே தனியாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

விந்து பரிசோதனை சில நூறு ரூபாயில் முடிகிறது. வலி கிடையாது. இரண்டு முதல் ஏழு நாள் தாம்பத்தியம் இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவே. பெண்ணுக்கு வலிக்க வலிக்கக் கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் டியூப் டெஸ்ட் எடுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய பரிசோதனை இது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி அணுக்களைக் கீழ் அளவாகக் கொள்கிறது. குறைந்திருந்தால் பதற வேண்டாம். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிப்பதால், புகையிலையையும் குடியையும் விட்டு, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம். விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டிருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு.

விவசாயி என்பதால் ஒரு விஷயம். 1977இல் கலிபோர்னியாவின் லேத்ராப் என்ற ஊரில் டிபிசிபி என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்த ஆலையின் தொழிலாளர்கள், தங்களில் யாருக்குமே குழந்தை பிறப்பதில்லையே என்று பேசிக்கொண்டார்கள். பரிசோதித்தபோது பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. இங்கே தெளிக்கும் மருந்தெல்லாம் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சம்பா வயலில் வெறும் கையோடு மருந்து கலக்கி, முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் தெளிப்பதை அவர் இன்றே நிறுத்த வேண்டும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. வீடு திரும்பியதும் குளியல்.

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருஷம். கணவர் சிங்கப்பூரில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வருகிறார். "இன்னும் விசேஷம் இல்லையா" என்று ஊரே கேட்கிறது. (மன்னார்குடி வாசகி)

பதில்: ஆறு வருஷத் திருமணத்தில் சேர்ந்திருந்த மாதங்களைக் கூட்டினால் மூன்றோ நான்கோதான் வரும். இதற்குக் குழந்தையின்மை என்று பெயரே கிடையாது. முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் கரு தங்கக்கூடிய நாட்கள். 28 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது ஏறக்குறைய 9 முதல் 14ஆம் நாள் வரை. லீவுக்கு டிக்கெட் போடும்போதே இதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். லீவு தொடங்கியதும் இருவரும் அடிப்படைப் பரிசோதனையை முடித்துவிடுவது நல்லது. சிக்கல் ஏதும் தெரிந்தால், இருவரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு கணவரின் விந்தணுவை உறைய வைத்துப் பிறகு பயன்படுத்தவும் வழி உண்டு.

கேள்வி: இரண்டு முறை ஐவிஎஃப் செய்தும் நிற்கவில்லை. இனிப் பணமும் இல்லை, பேச ஆளும் இல்லை. (கும்பகோணம் வாசகி)

பதில்: முதலில் பணம். தஞ்சாவூர் இராசா மிராசுதார் மருத்துவமனையின் மகப்பேறு வெளிநோயாளி பிரிவில் காட்டி, இரண்டு சுற்று ரிப்போர்ட்டுகளையும் வேறொரு டாக்டர் பார்க்கும்படி செய்யலாம். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசின் செயற்கைக் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம். மூன்றாவது முறை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நிறுத்தும் உரிமை இந்த வாசகிக்கு உண்டு, அதற்கு யாரும் விளக்கம் கேட்கக் கூடாது.

பேச ஆள் இல்லாததுதான் பெரிய குறை. அமெரிக்காவில் 1974இலேயே பார்பரா மென்னிங் என்ற செவிலியர், குழந்தைக்காகத் தவித்தவர்கள் கூடிப் பேச ரிசால்வ் என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே 1989 முதல் ஆண்டுதோறும் குழந்தையின்மை விழிப்புணர்வு வாரம் நடக்கிறது. சிகிச்சை பலிக்காதவர்களும் அங்கே பேசுகிறார்கள். நம்மூர் முகாம் மேடைகளில் குழந்தையோடு வரும் தம்பதிகளுக்கே இடம். ஐவிஎஃப் கைகொடுக்காமல் போனவர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு முகாம் நடத்துபவர்களிடம் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாள் இதற்கென ஒதுக்கலாம். அதுவரை, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.