யாருடைய கதை? – பெய்லி நூல் சர்ச்சை குறித்து ஒரு பார்வை

இறுதியாண்டு ஆய்வேட்டுக்காகத் தோட்டப்புறப் பாட்டிமார் முன் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டியவர்கள் நம்மில் பலர் உண்டு. எழுதுவதற்கு அவர்களிடம் அனுமதி கேட்டோமா, அல்லது அவர்கள் வாய் திறந்து பேசியதையே அனுமதியாகக் கொண்டோமா? உளவியல் துறையில் இதே கேள்வியால் மூண்ட பெரும் சர்ச்சை ஒன்றை இங்குக் காண்போம்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ஜே. மைக்கேல் பெய்லி, 2003-ஆம் ஆண்டில் ‘தி மேன் ஹு வுட் பி குயின்’ என்னும் நூலை வெளியிட்டார். பொது வாசகருக்கான நூல்தான். எனினும், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் பதிப்பகத்தைச் சார்ந்த ஜோசப் ஹென்றி பிரஸ் வழி வந்ததால், அறிவியல் முத்திரை அதன்மேல் விழுந்தது.

நூலின் மையக் கருத்து பெய்லியுடையதன்று. கனடாவின் டொராண்டோ நகர உளவியலாளர் ரே பிளாஞ்சர்ட் 1980-களில் முன்வைத்தது அது. திருநங்கையர் இரு வகையினர். ஆண்கள்பால் ஈர்ப்புடையோர் ஒரு வகை, தம்மைப் பெண்ணாகக் கற்பனை செய்வதிலேயே கிளர்ச்சியடைவோர் மறு வகை என்றார் அவர். இரண்டாவது இயல்புக்கு ‘ஆட்டோகைனஃபிலியா’ என்று பெயரிட்டார். பெய்லி சிக்காகோவில் தாம் அறிந்த திருநங்கையர் சிலரின் வாழ்க்கையைப் புனைபெயரில் கூறி இதற்கு உயிரூட்டினார்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. முன்னின்றவர்களுள் கணினிச் சில்லு வடிவமைப்பில் புகழ்பெற்ற லின் கான்வேயும் பொருளியல் பேராசிரியர் டெர்ட்ரே மெக்ளோஸ்கியும் அடங்குவர். இருவரும் திருநங்கையர். பாலின மாற்றத்துக்கு முற்பட்டதற்காகக் கான்வேயை 1968-இல் வேலையிலிருந்து நீக்கிய ஐபிஎம் நிறுவனம், 2020-இல்தான் மன்னிப்புக் கேட்டது! நிபுணர்களின் தீர்ப்பு ஒருவரின் பிழைப்பை எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதைக் கான்வேக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பாளர்களின் முதல் வாதம் கோட்பாட்டைப் பற்றியது. “நான் அப்படியில்லை” என்று ஒரு திருநங்கை கூறினால், அவர் மறைக்கிறார் அல்லது தம்மையே அறியவில்லை என்று விளக்கம் தரப்பட்டது. ஆம் என்றாலும் சான்று, இல்லை என்றாலும் சான்று என்றால், அக்கோட்பாட்டை எப்படித்தான் சோதிப்பது? என் பார்வையில் நூலின் பெருங்குறை இதுவே. சார்லஸ் மோசர் என்னும் மருத்துவர் 2009-இல் வெளியிட்ட சிற்றாய்வு ஒன்றில், மருத்துவமனையில் பணிபுரியும் 29 பெண்களிடம் இதையொத்த வினாக்களைக் கேட்டார். பொதுவான வரையறைப்படி 93 விழுக்காட்டினர் அவ்வியல்புடையோராயினர். மாதிரி சிறியது, வினாக்களின் வடிவமும் விமர்சிக்கப்பட்டது. ஆயினும், பிறப்பிலேயே பெண்களாக இருப்போரிடம் ஏன் முன்னரே கேட்கவில்லை என்ற வினா நிற்கிறது.

இரண்டாவது வாதம் ஒப்புதல் பற்றியது. நூலில் இடம்பெற்றவர்கள் சிலர், தாங்கள் ஆய்வுக்கு உட்படுத்தப்படுவதை அறியவில்லை என்று பல்கலைக்கழகத்தில் புகார் செய்தனர். இவர்களுள் சிலருக்கு அறுவைச் சிகிச்சைக்கான பரிந்துரைக் கடிதம் எழுதியவரும் பெய்லியே. கடிதம் தரும் கையே கதையையும் எழுதும்போது, மறுத்துப் பேசுவது எளிதா? 2004-இல் அவர் துறைத் தலைமையிலிருந்து விலகினார். அதற்கும் விசாரணைக்கும் தொடர்பில்லை எனப்பட்டது. பேராசிரியராகத் தொடர்ந்தார்.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. பெய்லியின் பிள்ளைகளின் படங்களை ஆபாச வாசகங்களுடன் வெளியிட்ட எதிர்ப்பாளரும் இருந்தார். அதற்கு நியாயம் கற்பிக்க இயலாது. வரலாற்றாசிரியர் ஆலிஸ் டிரெகர் 2008-இல் இவ்விவகாரத்தை விரிவாக ஆராய்ந்து, பெய்லி மீதான குற்றச்சாட்டுகள் பெரும்பாலும் நிலைக்கவில்லை என்றார். பொதுமைப்படுத்தத்தக்க அறிவைத் தேடும் முறையான செயலே கூட்டரசு விதிப்படி ‘ஆய்வு’. தனிமனிதர் கதைகளை எழுதுவது அதில் சேராது என்பது அவர் வாதம். விதிப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால், அட்டையில் அறிவியல் என்றும், அனுமதி கேட்கும் இடத்தில் வெறும் கதை என்றும் ஒரே நூல் இரு வேடம் பூணுவது எனக்கு உறுத்துகிறது.

இருபது ஆண்டுகள் கழித்து இதே கேள்வி திரும்பி வந்தது. பெய்லி இணையாசிரியராக 2023-இல் எழுதிய மற்றொரு கட்டுரை, தம் பிள்ளைகளுக்குத் திடீரெனப் பாலினக் குழப்பம் ஏற்பட்டதாகக் கருதிய பெற்றோரின் 1,655 பதிவுகளை ஆதாரமாகக் கொண்டது. விடைகளை வெளியிட எழுத்துப்பூர்வ ஒப்புதல் பெறப்படவில்லை எனக் கூறி, பதிப்பகமான ஸ்பிரிங்கர் அதே ஆண்டு கட்டுரையை மீட்டுக்கொண்டது. பெற்றோரே விரும்பித் தந்த விடைகள்தாமே என்று ஆசிரியர் தரப்பு வாதாடியது. பேசப்பட்ட பிள்ளைகளிடமோ, அந்தக் கருத்தாய்வில் எவரும் எதுவும் கேட்கவே இல்லை.